புகையிரதத்துக்கும் பஸ்ஸுக்கும் பணம் கொடுத்தவர் யார்?



புகையிரத நிலையத்தின் சிறு பலகணி வழியே பணத்தைக் கொடுத்துச் சீட்டைப் பெற்றுக்கொள்ளும் பிரயாணி, தமது பயணத்துக்குரிய விலையைத் தாமே கொடுத்துவிட்டதாக எண்ணுகின்றார். பஸ் வண்டியிலே நடத்துனரிடம் சில்லறையை நீட்டுபவரும் அவ்வாறே எண்ணுகின்றார். கணக்கேட்டை விரித்துப் பார்ப்போமாயின் உண்மை வேறாக இருக்கும். மலையைக் குடைந்த செலவு, பாலத்துக்கு வாங்கிய இரும்பின் விலை, பட்டறையிலே பழுது பார்ப்போரின் சம்பளம், ஆளில்லாத நேரத்திலும் ஓடவேண்டிய வண்டியின் எரிபொருள் ஆகிய யாவும் அந்தச் சிறு சீட்டின் விலைக்குள் அடங்குவதில்லை. எஞ்சியதை வேறொருவர் கொடுத்திருக்கின்றார். அவர் யார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு நாட்டின் பொதுப் போக்குவரத்துக்குப் பணம் கொடுக்கக் கூடியவர்கள் நால்வர். பயணம் செய்பவர் முதலாமவர். போக்குவரத்து வசதியினால் தமது தொழிலிலும் நிலத்திலும் இலாபம் காண்பவர் இரண்டாமவர். வரி செலுத்தும் பொதுமக்கள் மூன்றாமவர். இன்னும் பிறவாத தலைமுறையினர் நான்காமவர்; ஏனெனில், அரசாங்கம் வாங்கும் நீண்டகாலக் கடன் அவர்களின் பெயரிலே எழுதப்படுகின்றது. இலங்கைப் போக்குவரத்தின் வரலாறு, இந்த நால்வரின் தோள்களுக்கிடையே ஒரு சுமை மாறிமாறி வந்த வரலாறேயாகும்.

புகையிரதம் வருவதற்கு முன்னர் இந்நாட்டின் தெருக்கள் எவ்வாறு அமைக்கப்பட்டன என்பதை முதலிலே நோக்குவோம். டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக இருந்த 1848ஆம் ஆண்டிலே தெருக்கள் பற்றிய கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள், ஆண்டில் 6 நாட்கள் தெருவேலை செய்தல் வேண்டும். செய்ய இயலாதவர் 3 சிலிங் செலுத்துதல் வேண்டும் என்று அது விதித்தது. செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே அளவு. குதிரை வண்டியிலே செல்பவருக்கும், தலைச்சுமையோடு நடப்பவருக்கும் ஒரே விதி. கோப்பித் தோட்டங்களுக்குச் செல்லும் தெருவினால் தனக்கு என்ன பயன் என்று கண்டிநாட்டுக் குடியானவன் கேட்டதிலே வியப்பில்லை. அவ்வாண்டிலே மாத்தளையிலும் கண்டியைச் சூழ்ந்த பகுதிகளிலும் எழுந்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் மீதான வெறுப்பும் ஒரு காரணமாயிற்று. பயன் ஒருவருக்கும் சுமை மற்றொருவருக்குமாக அமையும்போது தெரு அமைக்கும் காரியமும் கலகத்தில் முடியலாம் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

அதே காலத்திலே மலைநாட்டுக் கோப்பி மாட்டு வண்டிகளிலே ஏறிக் கொழும்புத் துறைமுகத்தை அடையப் பல நாட்கள் சென்றன. ஆதலால் தோட்டத் துரைமார் புகையிரதத்தை விரும்பினர். 1845ஆம் ஆண்டிலே இலங்கைப் புகையிரதக் கம்பனி இங்கிலாந்திலே தோற்றுவிக்கப்பட்டது. ஆயினும் 1847இல் கோப்பி விலை வீழ்ந்ததோடு அம்முயற்சியும் தளர்ந்தது. ஸேர் ஹென்றி வார்ட் தேசாதிபதியாக வந்த பின்னரே அது மீண்டும் உயிர்பெற்றது. 1856இல் கம்பனியோடு ஓர் உடன்பாடு செய்யப்பட்டது. முதலீட்டாளருக்கு வட்டி கிடைக்குமென அரசாங்கம் உத்தரவாதம் அளிப்பதே அதன் உயிர்நாடி. பாதை இலாபம் தந்தால் கம்பனிக்கு நன்மை. நட்டம் வந்தால் திறைசேரிக்குச் சுமை. இச்சுமையைத் தாங்குவதற்கு ஏற்றுமதியாகும் கோப்பியின்மீது விசேட தீர்வை விதிக்கப்பட்டது. புகையிரதத்தினால் பயன்பெறவிருந்தோரே அதன் செலவில் ஒரு பங்கை ஏற்றமை, 1848ஆம் ஆண்டின் தலைவரியோடு ஒப்பிடுமிடத்து நீதிக்கு ஒருபடி நெருங்கிய ஏற்பாடேயாகும்.

1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி வார்ட் தேசாதிபதி முதல் மண்ணை வெட்டினார். ஆனால் வேலை தொடங்கியபின் மதிப்பீடு முன்னர் கூறப்பட்டதைப் போல இருமடங்குக்கும் மேலாக உயர்ந்தது. உத்தரவாதம் பெற்ற கம்பனிக்குச் செலவைச் சுருக்கும் அவசரம் இருப்பதில்லை என்பதை அரசாங்கம் உணர்ந்தது. 1861இல் கம்பனியோடிருந்த தொடர்பு முடிவுற்றது. அரசாங்கமே பாதையைத் தன் கையில் ஏற்று, ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் வேலையை முடிப்பித்தது. 1864 டிசெம்பர் 27ஆம் திகதி முதல் வண்டி அம்பேபுஸ்ஸவை அடைந்தது. 1867இல் கண்டிக்குப் பாதை திறக்கப்பட்டது. மேலே சென்ற வண்டிகள் தோட்டங்களுக்கு அரிசியைக் கொண்டு சென்றன; கீழே இறங்கிய வண்டிகள் கோப்பியைக் கொண்டு வந்தன. இருவழியும் சுமை கிடைத்ததால் பாதைக்கு வருவாய் பெருகிற்று.

கோப்பித் தீர்வையைச் செலுத்தியவர் துரைமார் என்று ஏடுகள் கூறும். அந்தக் கோப்பியை விளைவித்தவர் யார் என்பதையும் நாம் மறத்தலாகாது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கிக் கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே அது. வழியிலே நோயினாலும் பசியினாலும் மாண்டவர் பலர். தீர்வை கட்டிய கையொப்பம் ஒருவருடையது; அதற்குப் பின்னால் இருந்த வியர்வை வேறொருவருடையது.

1869இல் இலைநோய் தோன்றியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பிச் செல்வம் கரைந்தது. ஒரே பயிரின் தீர்வையை நம்பிய போக்குவரத்துக்கு இது பெரும் எச்சரிக்கை. நல்வேளையாகத் தேயிலை அந்த இடத்தை நிரப்பியது. 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை எனப் பாதை மலையேறிச் சென்றது.

இனி வடக்கே திரும்புவோம். குருநாகலுக்கு அப்பால் வன்னிக் காடுகளின் ஊடாக யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் அமைக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, அது வருவாய் தராத பாதை என்று எதிர்த்தோர் பலர். இடையிலே தேயிலையும் இல்லை, பெருநகரும் இல்லை. காடும் குளங்களும் சிதறிய கிராமங்களுமே இருந்தன. அவர்களின் கணக்கிலே பிழையில்லை. ஆனால் அது எதை எண்ணும் கணக்கு என்பதே வினா. வடபகுதி மக்களும் அரசாங்கத்தின் ஏகபோகமாயிருந்த உப்புக்கு விலை கொடுத்தவர்கள். இறக்குமதியான அரிசிக்குத் தீர்வை கொடுத்தவர்கள். 1892இல் நீக்கப்படும் வரை நெல்வரி செலுத்தியவர்கள். பொது வருவாயிலே பங்கு கொடுத்தவர்களுக்குப் பொதுச் சேவையிலும் பங்கு உண்டு என்ற நியாயம் ஈற்றில் வென்றது. ஸேர் வெஸ்ட் ரிட்ஜ்வே தேசாதிபதியாக இருந்த காலத்திலே வேலை தொடங்கிற்று. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடிற்று. 1905இல் கொழும்பும் யாழ்ப்பாணமும் இணைந்தன. ஒரு பாதை தன் செலவைத் தானே ஈட்டாவிடினும் நாடு அதைத் தாங்கலாம் என்ற கொள்கை இவ்வாறு தண்டவாளமாக நிலத்திலே பதிந்தது.

புகையிரதத்தின் இந்த நிலையைக் குலைத்தது மோட்டார் பஸ். தண்டவாளமோ நிலையமோ பஸ் முதலாளிக்குத் தேவையில்லை. தெருவை அரசாங்கம் அமைத்துக் கொடுத்திருந்தது. ஆதலால் 1920களிலும் 1930களிலும் சிறு முதலாளிகள் பலர் ஒரே தெருவிலே போட்டியிட்டு ஓடினர். பிரயாணிகளுக்காக வண்டிகள் ஒன்றையொன்று முந்தின. கட்டணம் குறைந்தது, விபத்துப் பெருகியது. இதனைச் சீர்செய்ய 1942ஆம் ஆண்டிலே சட்டம் வந்தது. ஒரு தெருவிலே ஒரு கம்பனிக்கே உரிமை என்பது அதன் சாரம். போட்டி அடங்கியது, ஆயினும் ஏகபோகம் பிறந்தது. இலாபமுள்ள தெருவிலே நெரிசலும், இலாபமற்ற கிராமத்திலே வண்டியின்மையும், தொழிலாளருக்குப் பாதுகாப்பின்மையும் பெரும் முறைப்பாடுகளாயின.

1957ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. நாடெங்குமுள்ள பஸ் சேவைகள் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. இதன் நிதி அமைப்பை நேயர்கள் கூர்ந்து கவனித்தல் வேண்டும். கொழும்பு நகரத் தெருக்களிலும் பெரும்பாதைகளிலும் நிறைந்து ஓடிய வண்டிகளின் மிகுதி வருவாய், பொத்துவிலுக்கு அப்பாலும் வன்னிக் கிராமங்களிலும் பாதி வெறுமையாக ஓடிய வண்டியின் குறையை நிரப்பியது. திறைசேரியிடம் கையேந்தாமல், ஒரு பிரயாணி முகமறியாத இன்னொரு பிரயாணிக்கு உதவும் முறை இது. இதனை நட்டத் தெருவை இலாபத் தெரு தாங்கும் முறை எனலாம். வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியும், மகாவித்தியாலயத்துக்குச் செல்லும் கிராமத்துப் பிள்ளையும் இம்முறையினாலேயே பஸ் ஏறினர்.

ஆனால் இம்முறைக்கு இரு நிபந்தனைகள் உண்டு. கட்டணம் செலவோடு சேர்ந்து உயரவேண்டும். இலாபத் தெரு சபையின் கையிலேயே இருக்கவேண்டும். முதலாவது நிபந்தனை 1970களிலே தளர்ந்தது. எண்ணெய் விலை 1973இன் பின் ஏறியது. கட்டணத்தை உயர்த்துவதோ மக்களின் சினத்தைத் தூண்டும் அரசியற் காரியமாயிற்று. இரண்டாவது நிபந்தனை 1979இல் தகர்ந்தது. அவ்வாண்டு தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. தனியார் முதலாளி எந்தத் தெருவிலே ஓட விரும்புவார்? நிறைந்த தெருவிலேதான். அது அவரது குற்றமன்று. அவர் வாங்கிய வண்டிக்குத் தவணைப்பணம் கட்டவேண்டும். இலாபத் தெரு கைநழுவியதும் நட்டத் தெருவைத் தாங்குவதற்குச் சபையிடம் ஒன்றும் எஞ்சவில்லை. கிராமத்துக் கடைசி பஸ்ஸின் செலவு திடீரென யாருடைய கணக்கிலும் இல்லாத செலவாயிற்று.

அதன்பின் வந்த மாற்றங்கள் பல. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சபை பிரதேச சபைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1990களிலே அவை கம்பனிகளாக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இலங்கைப் போக்குவரத்துச் சபையாக மீண்டும் ஒன்றிணைந்தன. 1991இல் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பெயர்கள் மாறிய போதிலும் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. இன்று பஸ் பிரயாணிகளிற் பெரும்பாலாரை ஏற்றிச் செல்வன தனியார் வண்டிகளே. மாணவருக்கான சலுகைப் பருவச்சீட்டு, இலாபமற்ற பாதைகள், புதிய வண்டிகள் ஆகியவற்றுக்காகச் சபை திறைசேரியின் உதவியை நாடுகின்றது. முன்பு பிரயாணிகளுக்குள்ளேயே நடைபெற்ற உதவி, இப்போது வரவுசெலவுத் திட்டத்திலே ஆண்டுதோறும் வாதாடிப் பெறவேண்டிய தொகையாகிவிட்டது.

புகையிரதத்தின் நிலை வேறுவகையானது. அது இன்றும் ஓர் அரசாங்கத் திணைக்களம். அதன் வருவாய் திறைசேரிக்குச் செல்லும்; அதன் செலவைப் பாராளுமன்றம் ஒதுக்கும். கூடுதலாக உழைத்தாலும் அப்பணம் திணைக்களத்தின் கையில் நில்லாது. 2008இன் பின் பத்தாண்டு காலம் கட்டணம் உயராதிருந்து, 2018இலேயே உயர்ந்தது. மலிவான பயணம் மக்களுக்கு நன்மையே. ஆயினும் கொடாத கட்டணம் மறைந்துபோவதில்லை. அது பழைய பெட்டியாகவும், தாமதித்த வண்டியாகவும், மாற்றப்படாத தண்டவாளமாகவும் திரும்பி வருகின்றது.

நான்காமவரையும் நாம் மறக்கலாகாது. 1990இல் யுத்தத்தினால் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம், இந்தியக் கடனுதவியோடு பாதை மீளமைக்கப்பட்டு 2014 ஒக்ரோபரிலே மீண்டும் யாழ்நகரை அடைந்தது. மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குச் சீனக் கடனுதவியோடு அமைந்த பாதை 2019இல் திறக்கப்பட்டது. நூறாண்டு நிலைக்கும் பாதையை நூறாண்டு பயன்படுத்துவோர் பங்கிட்டுக் கொடுப்பது நீதியே. ஆனால் கடன், வருவாயை அளந்து வாங்கப்பட வேண்டிய பொருள். 2022 ஏப்பிரலிலே நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியபோது, அந்த அளவு தவறியதன் விளைவை ஒவ்வொரு குடும்பமும் உணர்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே 20 ரூபாவாயிருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம், யூலைத் தொடக்கத்திலே 40 ரூபாவாயிற்று. நால்வரில் மூவர் கைவிட்டபோது முழுச்சுமையும் முதலாமவராகிய பிரயாணியின்மேல் வீழ்ந்தது.

பிறநாடுகள் இதற்கு வேறு வழிகளையும் கண்டுள்ளன. பிரான்ஸ் தேசம் 1971இல் பாரிஸ் நகரப் பகுதியிலே தொழில் தருவோரிடம் போக்குவரத்துக்கென ஒரு தனி வரியை அறவிடத் தொடங்கிற்று. தொழிலாளி நேரத்துக்கு வேலைக்கு வருவதனாலே பயன்பெறுபவர் தொழிலதிபர். ஆதலால் அவரும் கொடுக்கட்டும் என்பதே அதன் நியாயம். இந்த நியாயம் நமக்குப் புதிதன்று. கோப்பித் தீர்வையிலே நாம் ஒருமுறை கண்டதுதான். கோப்பியோடு அது மறைந்தது. அதற்கு ஈடாகப் பயன்பெறுவோரிடம் முறையாகக் கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. புதிய பாதையோ நிலையமோ வந்தால் அண்டையிலுள்ள நிலத்தின் விலை உயர்கின்றது. அந்த உயர்விலே போக்குவரத்துக்கு என்று ஒரு பங்கு திரும்புவதில்லை.

எனவே கட்டணம் உயருமென்றோ குறையுமென்றோ செய்தி கேட்கும்போது, நேயர்கள் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். எஞ்சியதை யார் கொடுக்கின்றார்? அதற்கு விடை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்குமாயின், கிராமத்துக் கடைசி பஸ்ஸின் குறையையும் நாடு அறிந்து, இசைந்து தாங்கலாம். எழுதப்படாதிருக்குமாயின், அச்செலவை ஒருநாள் மாலையிலே பஸ் வாராத தெருவோரத்தில் நிற்கும் மாணவியும் நோயாளியுமே கொடுக்க நேரிடும். அவர்கள் கொடுப்பதற்குச் சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை.