மூன்று தீபாவளி

தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் யார் என்று கேட்டால் எம். கே. தியாகராஜ பாகவதர் என்பார்கள். கூடவே ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்ட கதையும் வரும். 1944 தீபாவளிக்கு வந்த படம், சென்னை பிராட்வே தியேட்டரில் 1946 தீபாவளிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கதையோடு இன்னொரு தேதியையும் வைத்துப் பாருங்க.

1944 நவம்பரில் ‘இந்துநேசன்’ என்ற மஞ்சள் பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு அது. விடுதலை 1947-இல்தான். அதாவது அந்த மூன்று தீபாவளியில் இரண்டு அவருக்குச் சிறையில் கழிந்தன.

சர்வர் படுத்த பிறகும் கேஷில் இருக்கும் பக்கம் திறந்துகொண்டே இருக்கும், இல்லையா? அந்த மாதிரி. படத்தில் ஹரிதாஸ் ஆடம்பரத்தில் திளைத்து, பெற்றோரை விரட்டி, சொத்தையும் கால்களையும் இழந்து, திருந்தி, கால்களைத் திரும்பப் பெறுகிறான். ஒவ்வொரு காட்சியிலும் திரும்பக் கிடைத்தது. டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேர் நிஜ பாகவதர் எங்கே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பாட்டுகளைக் கேட்டிருப்பார்கள்!

வெளியே வந்தவருக்கு ‘ராஜமுக்தி’ (1948) கைகொடுக்கவில்லை. சிறை அவர் மவுசைக் கெடுத்துவிட்டது என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அது போதவில்லை. அதே வழக்கில் உள்ளே போன என். எஸ். கே. திரும்பி வந்து ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று போய்க்கொண்டே இருந்தாரே! அவர் கையில் இருந்தது பேச்சு. பாகவதரிடம் இருந்தது பாட்டு. அவர் சினிமாவில் கதை என்பது பாட்டுக்குப் பாட்டு தாவ ஒரு படிக்கட்டு. 1949-இல் ‘வேலைக்காரி’ வந்ததும் தியேட்டரில் வசனத்துக்குக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அவருடைய ‘அமரகவி’ வந்த அதே 1952-இல்தான் ‘பராசக்தி’யும் வந்தது. இனி என்ன சொல்ல?

ஆனால் பழைய பாட்டுகளை யாரும் விடவில்லை. அவர் தலைமுடிகூட ‘பாகவதர் கிராப்பு’ என்று பெயரோடு நின்றது. கொண்டாடியதெல்லாம் 1944-இல் நின்றுபோன அந்த முகத்தைத்தான். நாற்பதைத் தாண்டிய மனிதருக்குப் புதுப்படம் தேவைப்பட்டது, அதை ஓடவைக்க அந்தப் பிரியம் உதவவில்லை.

1959 நவம்பர் 1 அன்று இறந்தார், வயது 49. அவர் நடித்த ‘சிவகாமி’ அடுத்த வருடம் தியேட்டருக்கு வந்தது.