வண்டியில் ஏறிய துப்பாக்கி

கோயமுத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலைகளுள் ஒன்று வேலந்தாவளத்தை அடைகின்றது. அங்குள்ள சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளம்; பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டம்; அதன் கிழக்கோரத்தில் வடகரப்பதி. ஊர் கேரளத்தைச் சேர்ந்ததாயினும், வீட்டிலும் வீதியிலும் பெரிதும் ஒலிப்பது தமிழே. தென்மேற்குப் பருவமழையில் மேற்கே பெய்தது போக எஞ்சியதே இப்பக்கம் வந்து சேரும். கொள்வினையும் கொடுப்பினையும் எல்லைக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

இத்தகைய ஊரில் ஓர் உழவர், காட்டுப்பன்றியின் தொல்லைக்கு அஞ்சி, முறைப்படி உரிமம் பெற்று ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். வீட்டுப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும்வரை அதனால் அவருக்குச் சங்கடமில்லை. அதே துப்பாக்கியைத் தம் காரின் பின்புறத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கல் தொலைவில் தமிழ்நாட்டிலுள்ள மைத்துனர் தோட்டத்திற்குப் புறப்பட்டால் என்ன ஆகும்? வேற்று மாநிலங்களில் வாழும் நம் தமிழன்பர்களுக்கும் இது அயலான கேள்வியன்று. படையிலிருந்து ஓய்வு பெற்றபின் சொந்தத் துப்பாக்கியுடன் காவற்பணி புரிவோரும், தோட்டம் துரவு உடையோரும் விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் எதிர்கொள்ளும் கேள்வியே. இதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆயுதத்தை மக்கள் கையினின்று அகற்றும் முயற்சி, பாளையக்காரர் போர் முடிந்த கையோடு 1801-இல் வலுப்பெற்றது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது அவ்வாண்டு அக்டோபரில். டிசம்பரில் சென்னை ஆளுநர் கிளைவ், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்துப் பிரகடனம் வெளியிட்டார். 1857-இன் கிளர்ச்சி இந்த அச்சத்தை நாடெங்கும் பரப்பிற்று. முடிவில் லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878-ஆம் ஆண்டு, இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளில் ஐரோப்பியர்க்கு விலக்கு உண்டு. இந்தியர்க்கு உரிமம் வேண்டும். மலைத் தோட்டத்துத் துரை குதிரை வண்டியில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு போகலாம்; அதே பாதையில் செல்லும் மிராசுதார் சீட்டைக் காட்ட வேண்டும். 1887-இல் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் கூடிய காங்கிரஸ் இச்சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இன வேற்றுமை விதிகளினின்று நீங்கியதோ, முதல் உலகப் போருக்குப் பின்னரே.

இச்சட்டத்தின் ஒரு பகுதி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஆயுதத்தை மட்டுமின்றி, அதனை ஏற்றிச் சென்ற கலத்தையும், வண்டியையும், பொதி சுமக்கும் விலங்கையும் பறிமுதல் செய்ய நீதிமன்றத்திற்கு அதிகாரம் தந்தது அது. துப்பாக்கி செய்த பிழைக்கு மாடும் தண்டம் இறுக்க வேண்டியிருந்தது! ஆயுதங்களை ‘ஏந்திச் செல்லுதல்’ என்றும் ‘ஏற்றிச் செல்லுதல்’ என்றும் சட்டம் இரு சொற்களை அடுத்தடுத்து ஆள்கின்றது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் முதன்முறை படிக்கும்போது, இது வழக்கறிஞர்களின் வழக்கமான அடுக்கு என்றே எண்ணினோம். ஒரு சொல்லாலேயே பெயர்த்துவிடலாம் என்றும் தோன்றிற்று. அது தவறு. தோளில் தொங்கும் துப்பாக்கி ஊரார் கண்ணுக்குத் தெரியும். வைக்கோலுக்கடியில் வண்டியிலிருப்பது தெரியாது. சட்டம் அஞ்சியது இந்த இரண்டாவதற்கே.

இனிச் சித்தூருக்கு வருவோம். அது அந்நாளில் கொச்சி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆயினும் கொச்சி இராச்சியத்தின் பெரும்பகுதியினின்று பிரிந்து தனித்து நின்றது. ஒருபுறம் ஆங்கிலேயரின் மலபார் ஜில்லா, மறுபுறம் கோயமுத்தூர் ஜில்லா. வடகரப்பதியினின்று ஒரு வில்வண்டி கிழக்கே சில நாழிகை ஓடினால், ஓர் அரசின் சட்டத்தினின்று மற்றோர் அரசின் சட்டத்திற்குள் நுழைந்துவிடும். 1878-ஆம் ஆண்டுச் சட்டமோ, பிரிட்டிஷ் இந்தியாவிற்குள் தரைவழியே ஆயுதம் கொணர்வதற்கும் உரிமம் கேட்டது; உரியவர் தம் சொந்த உபயோகத்திற்கு அளவாகக் கொணர்வதற்கு மட்டும் இடம் தந்தது. 1949-இல் கொச்சி திருவிதாங்கூருடன் இணைந்தது. 1951-இல் மத்திய அரசின் ஆயுதச் சட்டம் அப்பகுதிக்கும் விரிந்தது. 1956 நவம்பரில் மலபாரும் சேர்ந்து கேரளம் உருவாயிற்று. இருபுறமும் ஒரே சட்டம் வந்ததே தவிர, கோடு அழியவில்லை.

விடுதலை இந்தியா 1959-இல் இயற்றி 1962 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்குக் கொணர்ந்த புதிய ஆயுதச் சட்டம், வண்டியைப் பற்றிய பழைய ஐயத்தைக் கைவிடவில்லை. நீதித்துறை நடுவரோ காவல் அதிகாரியோ எந்த வாகனத்தையும் நிறுத்திச் சோதிக்கலாம். ஆயுதத்தோடு வாகனத்தையும் கைப்பற்றலாம். தண்டனை விதிக்கும் நீதிமன்றம் வாகனத்தைப் பறிமுதல் செய்யலாம். பொதிமாட்டின் இடத்தில் மோட்டார் வந்து நின்றது, அவ்வளவே. ஆயுதம் தீய நோக்கத்துடன் கொண்டு செல்லப்படுகிறது என ஐயுறத் தக்க காரணம் இருப்பின், உரிமம் இருந்தாலும் கைது செய்யலாம். அவ்வாறு செய்ய அரசு ஊழியர், ரயில்வே ஊழியர் ஆகியோரோடு வாகனத்தில் பணிபுரிவோர்க்கும் உரிமை உண்டு. எனவே பஸ் கண்டக்டரும் இவ்வகையில் ஓர் அதிகாரியே! இதை அவருள் எத்தனைபேர் அறிவரோ.

உரிமத்தின் நிபந்தனைகளும் கவனிக்கத் தக்கவை. சிறப்பு அனுமதியின்றி, உரிமம் பெற்ற துப்பாக்கியைச் சந்தைக்கோ, சமய ஊர்வலத்திற்கோ, பொதுக் கூட்டத்திற்கோ, கல்விக்கூட வளாகத்திற்கோ கொண்டு செல்லலாகாது. காரில் பூட்டித்தானே இருக்கிறது என்று பிள்ளையைக் கொண்டுவிடப் பள்ளிக்குள் வண்டியை ஓட்டும் தந்தை இதனை மறந்துவிடுகிறார். ‘எந்த எல்லைக்குள் இவ்வுரிமம் செல்லும்’ என்ற கட்டமும் உரிமத்தில் உண்டு. குடகர்களுக்கு உரிமத்தினின்று தனி விலக்கு இருக்கின்றது. 2019-இல் அது மேலும் பத்தாண்டு நீட்டிக்கப்பட்டது. அந்த விலக்கிலும், குடகிற்கு வெளியே பயணம் செய்வோர் ஒரு ரைபிளும் 100 தோட்டாவும், மழமழப்பான குழலுடைய ஒரு துப்பாக்கியும் 500 தோட்டாவும் மட்டுமே கொண்டு செல்லலாம் என்று வரம்பு கட்டப்பட்டுள்ளது. அமெரிக்காவில் துப்பாக்கி மலிவு என்பர்; ஆயினும் மாநிலங்களுக்கிடையே செல்வோர்க்குப் பாதுகாப்பளிக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கும் தோட்டாவை அகற்றி, ஓட்டுநரின் கைக்கு எட்டாதபடி வைக்குமாறே கேட்கின்றது.

வனவிலங்குகளுக்கு வண்டியும் துப்பாக்கியும் சேர்ந்து விளைத்த கேடு பெரிது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கழித்து விற்கப்பட்ட ஜீப்புகள் காட்டுப் பாதைகளில் இரவில் ஓடின. விளக்கொளியில் மருண்டு நின்ற மானைச் சுடுவதற்குத் திறமையும் வேண்டியதில்லை, துணிவும் வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வாகனத்திலிருந்து வேட்டையாடுவதைத் தடுத்தது. 1991-இல் வேட்டையே ஏறக்குறைய முற்றாக நின்றது. சித்தூர் வட்டத்தின் தென்மலைப் பகுதியிலுள்ள பரம்பிக்குளம் போன்ற காப்பகங்களுள் எழுத்து மூலமான முன்னனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைய இயலாது. காரின் பெட்டியில் உறையிட்டு வைத்திருந்தாலும் அது ஆயுதமே.

ஆனால் பன்றி காப்பகத்திற்குள் அடங்கி இருப்பதில்லையே! 2022 மே மாதத்தில் கேரள அரசு, விளைநிலத்தை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமம் உடையவர்கள் இரவில் துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் செல்லும் காட்சி மீண்டும் முறைப்படி ஏற்பட்டது. தமிழ்நாட்டிலோ 2025-இல் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி அவ்வேலை வனத்துறையினரைச் சேர்ந்தது.

நம் வடகரப்பதி உழவர் புறப்படுமுன் தோட்டாவைக் கழற்றுகிறார்; குழலையும் கட்டையையும் பிரித்து உறையிலிடுகிறார்; உரிமத்தைச் சட்டைப் பையில் வைக்கிறார். பிறகு அதன் எல்லைக் கட்டத்தைப் படிக்கிறார். அதில் கேரளம் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கின்றது. துப்பாக்கி மீண்டும் பெட்டிக்குள் செல்கிறது. மைத்துனர் வனத்துறை அலுவலகத்திற்கு மனு எழுதத் தொடங்குகிறார்.