கொலைகாரனின் ஃப்ளாஷ்பேக்

முதுகலை வகுப்பில் ஒருமுறை 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தைத் திரையிட்டேன். முடிந்ததும் மாணவிகளை ஒரு தாள் எடுத்து, படத்தில் கொல்லப்பட்ட பெண்களின் பெயர்களை எழுதச் சொன்னேன். கொலைகாரன் பெயர் திலீப் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பூனையும் ரோஜாத் தோட்டமும் நினைவிருந்தன. சிறுவயதில் அவன் பட்ட அவமானம் காட்சி காட்சியாக நினைவிருந்தது. பெண்களின் பெயர்கள் மட்டும் வரவில்லை. "நீங்க சொல்லுங்க மேம்" என்றாள் ஒருத்தி. அந்தப் படத்தை அதற்கு முன் நான்கு முறை பார்த்திருந்த எனக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து தமிழ் த்ரில்லர் படங்களை ஒரே கேள்வியோடு பார்த்துவருகிறேன்: இந்தக் கதையில் ஃப்ளாஷ்பேக் யாருக்குக் கிடைக்கிறது? ஒரு பாத்திரத்துக்குக் கடந்த காலம் கொடுக்கப்படும்போது, தன் பக்க நியாயத்தைச் சொல்ல ஓர் இடமும் கொடுக்கப்படுகிறது. கொலைக் கதையில் அந்த இடம் சாட்சிக் கூண்டுக்குச் சமம். அதில் ஏறியவர் சொல்வதை நாம் கேட்கிறோம், கேட்டபின் கொஞ்சமாவது நம்புகிறோம்.

இந்தக் கேள்வியோடு பார்த்தால், நம் த்ரில்லரின் வரலாறு எதிர்பாராத இடத்தில் தொடங்குகிறது. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாடல்களே இல்லை. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசியதை ஒட்டிய கதை அது. ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் தத்தம் நினைவிலிருந்து பேசுகிறார்கள். கடைசி உண்மை அவன் மனைவி உஷாவிடம் இருக்கிறது. நாட்டின் ரகசியங்களை ஜப்பானுக்கு விற்கும் கணவனைத் தடுக்க முயன்ற அவள் கையில்தான் துப்பாக்கி வெடித்தது. பண்டரிபாய் நடித்த உஷா படித்தவள், அரசியல் அறிந்தவள். ராஜன் ஏன் துரோகியானான் என்பதையும் அவள் நினைவின் வழியாகவே அறிகிறோம். தன்னால் இறந்தவனுடைய வாதத்தை அவள் மறைப்பதில்லை. இந்த நேர்மை பிறகு வந்த ஆண்களின் ஃப்ளாஷ்பேக்குகளில் அரிதாகிப்போனது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1964-இல், தாதா மிராசி இயக்கத்தில் 'புதிய பறவை' வந்தது. இங்கே இறந்தவள் மனைவி. சௌகார் ஜானகி நடித்த சித்ரா பாடகி. குடிக்கிறாள், கணவன் சொல் கேட்பதில்லை. இவை அனைத்தும் அவளை அடித்துச் சாகடித்துவிட்டு, உடலைத் தண்டவாளத்தில் போட்டுத் தற்கொலையாகக் காட்டிய கோபாலின் வாய்மொழியாகவே நமக்கு வருகின்றன. சித்ராவின் பக்கம் என்று எதுவும் இல்லை. படத்தில் வந்து பேசும் 'சித்ரா'வும் போலீஸ் ஏற்பாடு செய்த போலி. இந்த வழக்கைத் துப்புத் துலக்குகிறவளே ஒரு பெண்தான் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் சரோஜாதேவியின் லதா, காதலியாக நடித்து உண்மையை வெளிக்கொண்டு வந்த பிறகு, அவனை நிஜமாகவே காதலித்துவிட்டதாகச் சொல்லி அழ வேண்டியிருக்கிறது. கடமையைச் செய்த பெண்ணுக்கு நாம் கைதட்டுவதில்லை. கொன்றவனுக்காகக் கண்ணீர் விடுகிறோம். சிவாஜியின் நடிப்பு அந்தக் கண்ணீரை நியாயமாக்கியும் விடுகிறது. அந்தக் காட்சியில் நானும் அழுதிருக்கிறேன்.

1960-இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', உலகெங்கும் இந்த வகைப் படங்களுக்கு ஓர் அச்சு வார்த்துக் கொடுத்தது. அதன் இறுதியில் ஒரு மனநல மருத்துவர், கொலைகாரனின் மனம் ஏன் அப்படி ஆனது என்று நீண்ட விளக்கம் தருவார். விளக்கத்தின் மையத்தில் ஒரு தாய் இருப்பாள். கொலைக்குக் காரணம் தேடிப் போனால் ஒரு பெண்ணிடம் போய் நிற்பது என்ற வழக்கம் இங்கிருந்து வலுப்பெற்றது.

1978-இல் பாரதிராஜா எடுத்த 'சிகப்பு ரோஜாக்கள்' அந்த வழக்கத்தைத் தமிழுக்கு முழுமையாகக் கொண்டுவந்தது. சிறுவன் திலீப்பை ஒரு பெண் வலிய நெருங்கி, பிடிபட்டதும் பழியை அவன்மேல் போடுகிறாள். அவனுக்கு அடைக்கலம் தந்தவரின் மனைவியும் கணவனை ஏமாற்றுகிறாள். இரண்டு பெண்களின் 'ஒழுக்கக்கேடு' ஒரு கொலைகாரனை உருவாக்கியது என்பதே படம் தரும் காரணம். கொல்லப்படுகிறவர்களும் 'நாகரிகப் பெண்கள்'. சாரதா மட்டும் அவர்களிலிருந்து வேறுபட்டவள், ஆகவே பிழைக்கத் தகுதியுள்ளவள். இறுதியில் மனம் பேதலித்துச் சிறையில் இருக்கும் அவனுக்கு நினைவிருப்பது சாரதாவின் பெயர்தான். ரோஜாச் செடிகளுக்கு அடியில் இருப்பவர்களின் பெயர்களை அவனும் மறந்துவிட்டான், நாமும் மறந்துவிட்டோம்.

1980-இல், ராஜேந்திர குமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலை ஒட்டி பாலு மகேந்திரா எடுத்த 'மூடுபனி' சற்று விலகி நிற்கிறது. அங்கே ஃப்ளாஷ்பேக் குற்றம் சாட்டுவது அம்மாவைக் கொடுமைப்படுத்திய அப்பாவை. ஆனாலும் தண்டனை பெறுகிறவர்கள் பாலியல் தொழிலாளிகளே. அப்பாவின் குற்றத்துக்கு அவர்கள் உயிரைக் கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் சினிமாதானே என்று கேட்கலாம். தமிழ் இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் நாளிதழ் வாக்கியங்களையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குண்டு. 'காதலிக்க மறுத்ததால் ஆத்திரமடைந்த இளைஞர் கத்தியால் குத்தினார்' என்ற வடிவிலான செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! இந்த வாக்கியத்தில் 'ஆல்' இரண்டு முறை வருகிறது: மறுத்ததால், கத்தியால். அவளுடைய மறுப்பும் அவனுடைய கத்தியும் ஒரே வேற்றுமை உருபை ஏற்று நிற்கின்றன. 'நடத்தையில் சந்தேகம்', 'ஒருதலைக் காதல்' என்பனவும் இப்படித்தான். ஒவ்வொன்றும் கொலைகாரனுக்குத் தரப்பட்ட ஒருவரி ஃப்ளாஷ்பேக். செத்தவள் என்ன படித்தாள், எங்கே வேலைக்குப் போனாள், அவனைக் குறித்து யாரிடமாவது சொல்லிப் பார்த்தாளா என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

2018-இல் வந்த ராம்குமாரின் 'ராட்சசன்', மாமனின் துயரம் வழியாக அம்முவின் சாவுக்கு உண்மையாகவே துக்கப்படுகிறது. ஆசிரியர் ஒருவரின் பாலியல் கொடுமையையும் துணிந்து பேசுகிறது. அப்படிப்பட்ட படமும் கடைசியில் கொலைகாரனின் பள்ளி நாட்களுக்குப் போய், அவனை நிராகரித்த ஒரு மாணவியிடம் காரணத்தைக் கண்டுபிடிக்கிறது. 'மறுத்ததால்' அங்கேயும் வந்துவிடுகிறது. படம் பார்க்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இது என்ன சொல்லித் தரும்? 'வேண்டாம்' என்று சொல்வது ஆபத்து என்றுதான்.

வேறு வழி இல்லாமலில்லை. மிஷ்கினின் 'யுத்தம் செய்' (2011) படத்தில், மகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பழிதீர்க்கிறது ஒரு குடும்பம். தாயாக மொட்டைத் தலையோடு நின்ற லட்சுமி ராமகிருஷ்ணனை யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள். அங்கே ஃப்ளாஷ்பேக் காயம்பட்டவர்களுடையது. பழிவாங்கலை நான் ஏற்கவில்லை. ஆனால் கடந்த காலம் யாருக்குச் சொந்தம் என்பதில் அந்தப் படம் சரியான பக்கத்தில் நிற்கிறது. பதற்றமும் குறையவில்லை. கொலைகாரனின் சோகக்கதை இல்லாமலே த்ரில்லர் எடுக்க முடியும்.

அடுத்த ஆண்டு அதே படத்தைத் திரையிட்டபோது பயிற்சியை மாற்றினேன். ரோஜாச் செடிக்கு அடியில் இருக்கும் ஒருத்திக்கு ஒரு பக்கம் ஃப்ளாஷ்பேக் எழுதச் சொன்னேன். பலர் காதல் கதை எழுதினார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி மட்டும் கொலையையோ காதலையோ எழுதவில்லை. அவள் எழுதியது ஒரு மகளிர் விடுதியைப் பற்றி: இரவு ஒன்பது மணி, பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே கையெழுத்து இல்லை, வார்டன் கேட்டைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஊரும் இன்ஷியலும் சேர்த்து முழுப் பெயர் வைத்திருந்தாள். வகுப்பில் அந்தப் பெயரை உரக்கப் படிக்கச் சொன்னேன்.