ஆலங்காயத்துக்கு மேலே ஒரு ஜெர்மனி, கீழே ஒரு ஜெர்மனி

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைப்பாதையில் ஏறினால் காவலூர் வானாய்வகம் வரும். அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கி, கிழக்கு ஜெர்மனியின் யெனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனம் செய்தது. நிறுவப்பட்ட ஆண்டு 1972. கிழக்கு ஜெர்மனியை இந்தியா முழுமையாக அங்கீகரித்ததும் அதே ஆண்டு அக்டோபரில்தான்! யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று 1977ல் கண்டுபிடித்ததில் இந்தத் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு.

மலையிலிருந்து இறங்கி வாணியம்பாடிக்குப் போனால் கதை வேறு. அங்கே வியாபாரம் மேற்கு ஜெர்மனியோடு. சரக்கு, தோல்.

பாலாற்றங்கரையில் தோல் தொழில் பழையது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல், வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது. பாதி பதனிட்ட தோலை அனுப்பிவிட்டு லாபத்தை அங்கே விடுவது எதற்கு என்று 1973ல் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அதன்பிறகு முழுதாகப் பதனிட்ட தோல், ஷூவின் மேல்பாகம், கடைசியில் முழு ஷூ என்று தொழில் வளர்ந்தது.

அதே காலத்தில் ஜெர்மனியில் நடந்தது நேர் எதிர். அங்கே கூலி ஏறிவிட்டது. ஷூ தொழிலுக்குப் பெயர்போன பிர்மாசென்ஸ் நகரில் 1970களிலிருந்து தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கார், இயந்திரம், ரசாயனம் என்று அதிக லாபம் தரும் பக்கம் அந்த நாடு போய்விட்டது. அழுக்கான வேலை வெளிநாட்டுக்கு. ஆனால் ஜெர்மானியர்கள் ஷூ போடுவதை நிறுத்தவில்லையே! இந்தியத் தோலை அதிகம் வாங்கும் நாடுகளில் முன்வரிசைக்கு ஜெர்மனி வந்தது இப்படித்தான்.

1989 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. பென்டாகுளோரோஃபீனால், சுருக்கமாக பி.சி.பி. என்ற பூஞ்சைக் கொல்லி ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஜெர்மனியில் விற்கக்கூடாது. ஈரத்தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க இங்குள்ள டேனரிகள் பயன்படுத்தியது அதைத்தான். விலை மலிவு. மாற்று மருந்துகளோ பல மடங்கு விலை. சரக்கு திரும்பி வந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும். சென்னை அடையாறில் 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று வழி தேடியது, இந்திய அரசும் பி.சி.பி.க்குத் தடை போட்டது. அந்த மூச்சு அடங்குவதற்குள் 1994ல் அடுத்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சிதையக்கூடிய அசோ சாயங்களுக்கு ஜெர்மனியில் தடை. 1997ல் இந்தியாவும் அவற்றைத் தடை செய்தது.

இதை ஜெர்மனியின் நல்ல மனசு என்று சொல்வதா? அந்தச் சட்டங்களைக் கவனித்துப் பாருங்கள். ஷூ போடுகிறவரின் தோலுக்கு ஆபத்து வரக்கூடாது, அவ்வளவுதான். ஷூ செய்கிற ஊரின் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எந்தப் பரிசோதனைச் சீட்டும் கேட்கவில்லை. தோலை ஊறவைத்த உப்புத் தண்ணீரும் குரோமியமும் பாலாற்றில் கலந்தாலும் சரக்கு பாஸ்!

தண்ணீருக்காக ஊர்க்காரர்களே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழாகிவிட்டது என்பது அந்த வழக்கில் வந்த கணக்கு. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், கழிவுநீரைச் சுத்திகரிக்காவிட்டால் மூடல். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டக்கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 5 மில்லிகிராம் பி.சி.பி.க்கு ஓடிய வேகத்தில் கால்வாசியாவது இதற்கு ஓடியிருந்தால் அந்த வழக்கு அன்றோடு முடிந்திருக்கும்.

முடியவில்லை. ஜெர்மனியிலும் ஒரு மாற்றம் வந்தது, ஆனால் ரொம்பத் தாமதமாக. 2023 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம், வெளிநாட்டில் சரக்கு செய்யும் இடத்தில் குடிதண்ணீர் கெடுகிறதா என்பதையும் பெரிய கம்பெனிகள் கவனிக்க வேண்டும் என்றது. இரண்டே வருடம்! 2025ல் அங்கே அமைந்த புதிய கூட்டணி, அந்தச் சட்டத்தை நீக்குவதாகத் தன் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டது.

அதே 2025 ஜனவரி 30ல் டெல்லியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்க வேண்டும், அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு. முதல் தீர்ப்பு வந்து அதற்குள் 28 வருடம் ஆகியிருந்தது.