மின்னிரசாயனமும் எமது கரையும்

உயர்தர வகுப்பில் தானியல் கலத்தைக் கரும்பலகையிலிருந்து பார்த்து வரைந்துதான் நாங்கள் மின்னிரசாயனம் படித்தோம். நாகத் தகடு, செப்புத் தகடு, உப்புப்பாலம் எல்லாமே படந்தான். பரீட்சைக்குப் பாடமாக்கினோம், பிறகு மறந்தோம். ஆனால் பற்றரியின் பெறுமதியை எவரும் எங்களுக்குப் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1990இன் பின்னர் போர்ப்பகுதிகளுக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் அதுவும் ஒன்று. பள்ளிமுனையிலிருந்து இடம்பெயர்ந்து மடுவில் இருந்த தோழிகள், தீர்ந்துபோன ரோச் பற்றரிகளை வெயிலில் காயவைத்துச் செய்தி கேட்ட கதையை இன்றும் சொல்வார்கள்.

1800இல் இத்தாலியரான வோல்ற்றா, நாகத்தையும் வெள்ளியையும் இடையே உப்புநீர் தோய்ந்த துணியையும் அடுக்கி முதற் பற்றரியைச் செய்தார். உப்புநீர் எங்களுக்குப் பஞ்சமில்லாத பொருள். அது வள்ளத்து ஆணியைத் தின்பதைப் பார்த்து வளர்ந்தோம். துருப்பிடித்தலும் மின்னிரசாயனத் தாக்கமே என்பது பின்னர்தான் விளங்கியது.

இத்துறைக்கெனத் தமிழ்நாட்டில் ஒரு பெரும் நிறுவனம் எழுந்தது காரைக்குடியில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் கொடுத்தார். 1948 யூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கடற்காற்றில் உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராய மண்டபத்திலும் அந்நிறுவனத்துக்கு ஒரு நிலையம் அமைந்தது. 1990இல் கடல் கடந்துபோன எம்மவர் பலர் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபந்தான். முகாமிலிருந்த எவருக்கும் அந்த நிலையத்தைப் பற்றிக் கேள்விப்பட நேரமிருந்திராது.

மருத்துவத்துக்குள் இது வந்த வழி எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்கரான லீலண்ட் கிளார்க் 1956இல் குருதியின் ஒட்சிசனை அளக்கும் மின்வாயை வெளியிட்டார். 1962இல் அதன்மேல் குளுக்கோசு ஒட்சிடேசு என்ற நொதியத்தை வைத்துச் சீனியை அளக்க வழிகாட்டினார். 1984இல் பிரித்தானிய ஆய்வாளர்கள், ஒட்சிசனுக்குப் பதிலாகப் பெரோசீன் என்ற இரும்புச் சேர்வையை இலத்திரன் சுமக்கவிட்டார்கள். 1987இல் பேனா அளவில் ஒரு கருவி சந்தைக்கு வந்தது. பற்றரி இலத்திரன்களை வேலைக்கு அனுப்புகிறது. குளுக்கோமீற்றர் அவற்றை எண்ணுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் எமது பிள்ளைப்பருவத்தில் நாங்கள் கண்டது வேறு. சிறுநீரைப் பெனடிக்ற் கரைசலோடு சூடாக்கி, நீலம் பச்சையாகிறதா செங்கல் நிறமாகிறதா என்று பார்ப்பார்கள். சீனி எல்லை தாண்டிக் கூடினால் அது காட்டும். குறைந்தால் காட்டவே காட்டாது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா மடுவில் ஒரு இரவு வியர்த்து மயங்கினார். சீனி கூடியதா, குறைந்ததா? சொல்ல எவராலும் முடியவில்லை. முகத்தைப் பார்க்க ரோச் வெளிச்சமும் இல்லை. விடியுமுன் போய்விட்டார். இன்று கிளினிக்கில் ஒரு துளி இரத்தத்தில் சில செக்கனில் இலக்கம் வரும்போது, அந்தத் தோழி மட்டும் சற்று நேரம் பேசாமல் இருப்பாள்.

மின்னைச் சேமிக்கும் கேள்வியும் இப்போது எமது வாசலுக்கு வந்துவிட்டது. 2020 டிசெம்பரில் தீவின் தென்கரையில் திறக்கப்பட்ட தம்பபவனியில் 30 காற்றாலைகள். கொள்ளளவு 100 மெகாவாற்றுக்குச் சற்று மேல். (காற்றாலைகள் பற்றி ஊரவருக்கு வேறு மனத்தாங்கல்கள் உண்டு, அவற்றைத் தனியே எழுத வேண்டும்.) சோளகத்தில் சுழல்வதுபோல் மற்றக் காலத்தில் அவை சுழல்வதில்லை. மிஞ்சுவதைப் பிடித்துவைக்கப் பெரிய பற்றரிகள் வேண்டும். இலித்தியம் அயன் பற்றரிக்காகக் குடினஃப், விற்றிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதன் ஒரு மின்வாய் காரீயம். எமது நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் அதே கனியம். இப்போது இலித்தியத்துக்குப் பதில் சோடியம் அயன் பற்றரிகளும் தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. சோடியம் கறியுப்பில் இருப்பது, மன்னார் உப்பளத்தில் குவிந்துகிடப்பது.

நூற்றாண்டையொட்டிப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குச் சங்கம் வாங்கும் பொருட்களின் பட்டியலில் நாகத் தகடு, செப்புத் தகடு, வோல்ற்றுமானி மூன்றையும் எமது வகுப்பின் பெயரில் சேர்த்திருக்கிறோம்.