ரகசியம் யாருக்கு? - லாவோஸும் 'உள்நாட்டுப் போர்' என்கிற சொல்லும்

லாவோஸில் 1964 முதல் 1973 வரை நடந்ததற்கு 'ரகசியப் போர்' என்று பெயர். ஒன்பது ஆண்டுகளில் அமெரிக்க விமானங்கள் சுமார் 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டுகளைக் கொட்டின. கணக்குப் போட்டால் எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம், ராத்திரி பகல் பார்க்காமல். அன்று அந்நாட்டின் மக்கள்தொகை 30 லட்சத்தைத் தொட்டிருக்கவில்லை. இது யாருக்கு ரகசியம்? ஜாடிச் சமவெளியின் விவசாயி பகலெல்லாம் குகைக்குள் ஒளிந்திருந்து இருட்டிய பிறகு வயலுக்குப் போனான். அவனுக்கு இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஹனோய்க்கும் மாஸ்கோவுக்கும் பீக்கிங்குக்கும் தெரியும். தெரியாமல் வைக்கப்பட்டது அமெரிக்க வாக்காளருக்கும் அவர்கள் காங்கிரசில் பெரும்பாலோருக்கும்தான். ஆக, ஒரு போருக்குப் பெயர் வைக்கும் உரிமைகூட குண்டு விழுந்தவனிடம் இல்லை, போட்டவனின் வீட்டு விவகாரத்திலிருந்து அது பிறந்திருக்கிறது.

இதே போருக்கு இன்னொரு பெயரும் உண்டு: 'லாவோஸ் உள்நாட்டுப் போர்'. இந்தச் சொல்லைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்நாட்டுப் போர் என்றதும் நமக்குத் தோன்றும் சித்திரம் பங்காளிச் சண்டைதான். தமிழ் படித்தவர்களுக்குப் புறநானூற்றின் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் நினைவுக்கு வருவார்கள். ஒரே குடி, இரண்டு பக்கமும் ஒரே ஆத்தி மாலை, நடுவில் நின்று நியாயம் பேச ஒரு கோவூர்கிழார். அந்தப் பாட்டில் ஆயுதமும் சம்பளமும் தருகிற மூன்றாமவன் யாரும் வருவதில்லை. லாவோஸையும் இப்படித்தான் வாசித்தார்கள். ராஜ குடும்பத்தின் இரண்டு சகோதரர்கள், ஒரு தந்தை, வேறு வேறு தாய்மார். மூத்தவர் சுவன்னா பூமா நடுநிலை பேசியவர். இளையவர் சூபானுவோங் பாத்தெட் லாவ் இயக்கத்தின் 'சிவப்பு இளவரசர்'. இருவரும் பிரான்சில் பொறியியல் படித்தவர்கள். மேற்கத்தியப் பத்திரிகைகளுக்கு இது ஒரு கேலி நாடகம்போல வசதியாக இருந்தது.

சரி, அந்தச் சகோதரர்கள் சண்டையை விட்டால் முடிக்கத் தெரியாதவர்களா? இங்கேதான் வரலாறு வேறு மாதிரி பேசுகிறது.

1954 ஜெனிவா உடன்பாட்டின்படி பாத்தெட் லாவ் படைகள் போங் சாலி, சாம் நுவா என்ற இரண்டு வடக்கு மாகாணங்களில் ஒதுங்கின. 1957 நவம்பரில் சகோதரர்கள் இருவரும் பேசி முடித்துக் கூட்டணி அரசு அமைத்தார்கள். சூபானுவோங் திட்ட அமைச்சர். 1958 மே மாதம் 21 இடங்களுக்குத் துணைத் தேர்தல் நடந்தது. சூபானுவோங்கின் கட்சியும் அதன் தோழமைக் கட்சியும் 13 இடங்களைப் பிடித்தன. துப்பாக்கியைக் கீழே வைத்து ஓட்டுக் கேட்க வந்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள். அடுத்த மாதமே அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. நாணய மாற்றில் நடந்த ஊழல் என்று காரணம் சொல்லப்பட்டது. ஊழல் இருந்தது உண்மைதான். ஆனால் லாவோஸ் ராணுவத்தின் சம்பளம் முழுவதையும் அமெரிக்கா கொடுத்துவந்த காலம் அது. குழாயைத் திருகினால் ஒரு அரசு எத்தனை நாள் தாங்கும்? சுவன்னா பூமா ஜூலையில் விழுந்தார். 1959இல் சூபானுவோங் சிறையில். 1960 மே மாதம் அவரும் தோழர்களும் தப்பியபோது காவலர்களும் கூடவே கிளம்பிப் போனார்கள். நாட்டின் மனநிலை எங்கே இருந்தது என்பதற்கு அது ஒரு தடயம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி கோங் லே என்கிற 26 வயது பாராசூட் படைக் கேப்டன் தலைநகர் வியன்டியேனைக் கைப்பற்றினார். லாவோக்காரன் லாவோக்காரனைக் கொல்வது நிற்க வேண்டும், அந்நியத் தலையீடு வேண்டாம், ஊழல் வேண்டாம், நாடு நடுநிலையில் நிற்க வேண்டும் - அவர் கேட்டது இவ்வளவுதான். எந்த வல்லரசின் பாடப்புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல இந்த அரசியல். சொந்த ஜனங்களைச் சுட்டுச் சுட்டு அலுத்துப்போன ஒரு சிப்பாயின் அனுபவத்திலிருந்து வந்தது. இதைத்தான் எவராலும் பொறுக்க முடியவில்லை. தாய்லாந்து வியன்டியேனுக்குப் பொருள் போகாமல் மறித்தது. தெற்கே சவன்னாகெத்தில் இருந்த ஜெனரல் பூமி நோசவானுக்கு அமெரிக்க ஆயுதமும் பணமும் போயின. கோங் லே வேறு வழியில்லாமல் சோவியத் பக்கம் திரும்ப, டிசம்பரில் சோவியத் விமானங்கள் பீரங்கிகளோடு வந்து இறங்கின. வெளியே போகச் சொன்ன மனிதர் நான்கே மாதத்தில் வெளியின் கையைப் பிடிக்க நேர்ந்தது. நடுநிலை என்பது லாவோஸில் தோற்கவில்லை, அதற்கு நிற்க இடம் கொடுக்கப்படவில்லை.

1962 ஜூலை 23 அன்று 14 நாடுகள் ஜெனிவாவில் கூடி லாவோஸின் நடுநிலையை மதிப்போம் என்று கையெழுத்திட்டன. இந்தியாவும் அதில் உண்டு. அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்பது விதி. அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் 666 பேர் சோதனைச் சாவடி வழியே வெளியேறினார்கள், சி.ஐ.ஏ. ஆட்களும் அவர்களது விமானக் கம்பெனியும் சிவில் உடையில் தங்கிவிட்டார்கள். வட வியட்நாம் படையில் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே இருந்தார்கள். சாவடி வழியே போனவர்கள் சுமார் 40 பேர். இரண்டு எண்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவர் வரலாறு சொல்லவில்லை, கட்சி கட்டுகிறார்.

இதைக் கண்காணிக்க வேண்டிய சர்வதேசக் கமிஷனுக்கு இந்தியா தலைமை. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். முகாமுக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்ற இந்தக் கணக்கு காகிதத்தில் அழகானது. நடைமுறையில் ஒவ்வொரு அறிக்கையும் இரண்டாகப் பிளந்தது. பாத்தெட் லாவ் பகுதிகளுக்குள் கமிஷன் நினைத்தபடி போய்வர முடியவில்லை. நடுநிலை என்பது பார்ப்பது மட்டுமே என்றானால் அது என்னவாகும் என்பதற்கு இந்தக் கமிஷனின் கோப்புகளே சாட்சி.

1963 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் கினிம் போல்சேனா சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டணி சிதறியது. அடுத்த ஆண்டு குண்டுவீச்சு தொடங்கியது, நடுநிலைப் பிரதமர் சுவன்னா பூமாவின் சம்மதத்தோடு. 1968 அக்டோபர் கடைசியில் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவதாக ஜான்சன் அறிவித்தார். உலகம் பெருமூச்சு விட்டது. சும்மா நின்ற விமானங்கள் லாவோஸ் பக்கம் திரும்பின. விமானங்களை வேலையில்லாமல் நிறுத்திவைக்க முடியாதல்லவா என்ற பொருளில், ஓர் அமெரிக்க அதிகாரி செனட் விசாரணையிலேயே பிறகு சொன்னார். நவம்பர் 24 அன்று தாம் பியூ குகைக்குள் பாய்ந்த ராக்கெட்டில் ஒளிந்திருந்த கிராமத்தவர் 300 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு நாட்டின் சமாதானச் செய்தி அடுத்த நாட்டில் இப்படி வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லாம் வெளியார் செய்த வேலை என்று முடித்துக்கொள்வது சுலபம். அது லாவோ மக்களை வெறும் பொம்மைகளாக்குகிற இன்னொரு வகை ஏகாதிபத்தியப் பார்வை. மரத்தில் ஆப்பு நுழைய விரிசல் வேண்டும். மலைவாழ் ஹ்மோங் மக்களை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு ஆட்சியின் வரிக்கு எதிராக முதல் உலகப் போர் முடிந்த கையோடு கலகம் செய்தவர்கள் அவர்கள். சமவெளி லாவோக்களின் அலட்சியத்தையும் அறிந்தவர்கள். அவர்களுக்குள்ளேயும் குலப்பகை. தூபி லீஃபோங் தலைமையில் ஒரு பிரிவு பிரெஞ்சுக்காரர் பக்கமும், ஃபாய்தாங் தலைமையில் மற்றொன்று பாத்தெட் லாவ் பக்கமும் போயின. 1961 வாக்கில் சி.ஐ.ஏ. வந்து வாங் பாவ் என்ற ஹ்மோங் அதிகாரியிடம் துப்பாக்கி கொடுத்தபோது அந்த விரிசல் ஏற்கெனவே இருந்தது. ஆப்பு அதைப் பள்ளத்தாக்காக்கியது. போகப்போக ஆள் தீர்ந்து பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன்களைப் பிடித்துப் போட்டார்கள். 1975 மே 14 அன்று வாங் பாவ் லோங் தியெங் தளத்திலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டார். ஓடுபாதையோரம் ஆயிரக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீகாங் ஆற்றை நீந்திக் கடந்தவர்கள் தாய்லாந்து முகாம்களில். கடக்க முடியாதவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி நம் பக்கத்தில் யார் எழுதினோம்?

'நம் பக்கம்' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கல்கத்தா வீதிகளில் வியட்நாமைத் தங்கள் பெயராகவே சொல்லி ஊர்வலம் போன காலத்தின் வாரிசுகள் நாம். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஹோ சி மின் பாதை லாவோஸின் காடுகள் வழியேதான் போனது, லாவோ ஜனங்களைக் கேட்டுக்கொண்டு அல்ல என்பதை நம் வீரக் கதையாடல் மௌனமாகத் தாண்டிப் போயிற்று. 1975 டிசம்பர் 2 அன்று முடியாட்சி ஒழிக்கப்பட்டு சூபானுவோங் குடியரசுத் தலைவரானார். பழைய மன்னர் 1977இல் வியங்சாய் முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே மறைந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் 'மறுகல்வி' முகாம்களுக்குப் போனார்கள். வியட்நாம் படைகள் எண்பதுகளின் கடைசிவரை இருந்தன. நட்பு நாட்டின் படை என்பதால் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வாஷிங்டனுக்கு ஒரு ரகசியம் இருந்ததுபோல நமக்கும் ஒன்று இருந்தது.

1957, 1962, 1974 என்று மூன்று முறை லாவோ மக்கள் தங்களுக்குள் கூட்டணி கண்டார்கள். மூன்றையும் வெளியின் கணக்கு தின்றது. முதலிரண்டு முறை அமெரிக்காவின் பணமும் இரு முகாம்களின் ஆயுதமும், மூன்றாவது முறை சைகோனின் வீழ்ச்சியும் ஹனோயின் வெற்றியும். 'உள்நாட்டுப் போர்' என்ற சொல் இந்த மூன்று சமாதானங்களையும் மறைக்கிறது. சண்டை அவர்களுடையது, சமாதானம் மட்டும் வெளியார் வந்து செய்ய வேண்டியது என்று நம்மை நினைக்கவைக்கிறது. நடந்தது கிட்டத்தட்ட நேர் எதிர்.

கொட்டிய கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் சுமார் 27 கோடி. அவற்றில் வெடிக்காமல் மண்ணில் தங்கியவை 8 கோடி வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. போர் முடிந்த பிறகு இவற்றால் செத்தவர்களும் ஊனமானவர்களும் சுமார் 20,000 பேர். பந்து என்று எடுத்த பிள்ளைகள் இதில் நிறைய. 2016இல் ஒபாமா வியன்டியேனுக்கு வந்து, மூன்று ஆண்டுகளில் 9 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். மன்னிப்பு என்று சொல்லவில்லை. கொத்துக் குண்டுகளைத் தடைசெய்யும் 2008 ஒப்பந்தத்தின் முதல் மாநாடு 2010இல் அதே நகரத்தில் நடந்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் அதில் கையெழுத்திடவில்லை. லாவோஸின் நடுநிலையைக் காக்கக் கமிஷனுக்குத் தலைமை வகித்த இந்தியாவும் இடவில்லை. அடுத்த முறை ஏதோ ஒரு சின்ன நாட்டின் 'உள்நாட்டுப் பிரச்சினை' பற்றி நாம் கூட்டம் போடும்போது, யார் பக்கம் நிற்பது என்பதோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: அங்கே அவர்கள் தங்களுக்குள் பேசி முடித்த சமாதானம் எது, அதை உடைத்தது யார், உடைத்தவர் நமக்கு வேண்டியவராக இருந்தால் அன்று நாம் என்ன எழுதினோம்?