தண்ணிக்கு அடியில நம்ம ஊர்

 

போன வாரம் வகுப்பில் ஒரு பிள்ளை அட்லாண்டிஸ் பற்றிக் கேட்டது. கடலுக்கு அடியில் இருந்த மனிதர் என்ன சாப்பிட்டார்கள், யாரைக் கும்பிட்டார்கள் என்று. அது பிளேட்டோ எழுதி வைத்த கதை, மகன். தண்ணிக்குள் போன நிஜமான ஊர் நமக்கே இருக்கிறது என்றோம். பாதிப் பேருக்குத் தெரியவில்லை!

மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை அணை கட்டியது 1960களின் கடைசியில். பழைய டவுன் அதற்குள் போய்விட்டது. இப்போது நாம் இருப்பது மேட்டுக்கு நகர்த்திய டவுன். கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் சண்முகநாதர் கோயில், பள்ளிவாசல், விகாரை மூன்றும் இடிபாடாகத் தலைகாட்டும். மூன்றும் ஒரே டவுனுக்குள். பாங்கும் மணியும் ஒரே காற்றில் கேட்ட ஊர் அது.

அந்த ஊரின் வாழ்க்கை என்ன? பெரிதாக ஒன்றும் இல்லை, கொப்பிதான். தோட்டத்துச் சனம் அரிசி, மா, கருவாடு எல்லாம் கடனுக்கு எடுக்கும். கடைக்காரர் கொப்பியில் எழுதுவார், சம்பளத்தன்று கணக்குத் தீரும். தீராவிட்டால் அடுத்த மாதம். தீபாவளிச் சேலையை முஸ்லிம் கடையில் கடனுக்கு எடுத்த குடும்பங்கள் எத்தனை! பெருநாளைக்கு வட்டிலப்பம் லயத்துக்குப் போகும், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கடைக்கு வரும். சிவனொளிபாத மலை சீசன் வந்தால் டிசம்பர் முதல் மே வரை டவுன் தூங்காது. பாவா ஆதம் மலை என்று நாமும் சொல்கிற மலைதானே. 1344இல் இப்னு பதூதா ஏறியதும் அதில்தான்.

டவுனை மூழ்கடிக்க முடிவெடுத்தபோது தோட்டச் சனத்தில் பெரும்பாலானவர்களுக்கு வாக்கு இல்லை. 1948இல் குடியுரிமை போனது, 1949இல் வாக்கும் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரின் கதையை 1974க்குத் தள்ளிப் போட்டார்கள். பழைய டவுனை அறிந்த பலர் தலைமன்னாரில் கப்பலேறி, கூடலூர், கோத்தகிரி பக்கம் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். பாதி ஞாபகம் அவர்களோடு போயிற்று. தண்ணீரில் எடுத்த மின்சாரம் கொழும்புக்குப் போனது. லயத்தில் ரொம்பக் காலம் குப்பி விளக்குத்தான்.

தண்ணீர் இறங்கினால் இப்போது கோயில் சுவரில் ஏறி செல்ஃபி எடுக்கிறார்கள். பள்ளிவாசல் பக்கம் போத்தல் உடைக்கிறார்கள். சொன்னால் கோபம் வருகிறது.

பழைய டவுனில் எடுத்த போட்டோ, கடைக் கொப்பி, பில்லுத் துண்டு எது இருந்தாலும் எரித்துவிடாதீர்கள். போனில் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புங்கள். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது என்று பிள்ளைகளை வைத்து வரைபடம் போடத் தொடங்கியிருக்கிறோம். ஒரு பக்கம் ஓரளவு வந்துவிட்டது, எதிர்ப்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.